பழைய காரும் புதுப் பிராதும்

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். புடவை வாங்கும்போது கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கிறோம். கால் பவுன் தோடு வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் பழைய கார் வாங்குகிற காரியம் மட்டும் எப்படி நடக்கிறது தெரியுமா, சகோதரிகளே? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் புறப்பட்டுப் போகிறார்கள். தெருக் கோடிவரை ஓட்டிப் பார்க்கிறார்கள். "பளபளன்னு இருக்கு" என்று ஒருவர் சொல்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கிரயம் முடிந்துவிடுகிறது!

கோவளத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கேளம்பாக்கம் பக்கம் உத்தியோகம். இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியோடு ஒரு மாமியார். சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம், அடகு வைத்த வளையல் மேல் ஒன்று, மீதிக்குக் கைமாற்று. ஆக 3,40,000 ரூபாய். தாம்பரம் பக்கத்தில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் எட்டு வயது வண்டி ஒன்றை வாங்கி, வண்டலூர் ரோடு வழியாக ஊர்கோலம் மாதிரி ஓட்டி வருகிறார்கள். வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, திருஷ்டி கழித்தாகிவிட்டது.

பத்தாம் நாள் உள்ளே ஒரு வாடை. "என்னங்க, கிணத்துச் சேறு மாதிரி நாத்தம் வருதே?" என்கிறாள் மனைவி. "ஏ.சி. போட்டாச் சரியாயிடும்" என்கிறார் கணவர். இருபதாம் நாள் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிடுகிறது. ஒர்க்ஷாப்பில் தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் வண்டல் மண்! ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் வண்டல். வண்டி ஒரு வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது என்று மெக்கானிக் சொல்கிறார். வியாபாரியிடம் போனால், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்: "விற்ற பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை."

இனி என்ன செய்வது? அழுதுவிட்டு வளையலை மறந்துவிட வேண்டியதுதானா? வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் நம் பக்கத்து நிலவரம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளோடு வண்டிகளும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கங்களில் மறுபடியும் அதே கதை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் சிலவற்றைத் துடைத்து, சாயம் பூசி, மறுபடி விலைக்குக் கொண்டுவருவதும் உண்டு. இது போதாதென்று கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு. மேலே மெழுகு தேய்த்து மினுக்கிய வண்டி, கீழே குனிந்து பார்த்தால் துருப்பிடித்து உதிரும். இப்படிப்பட்ட குறைகள் மேற்பார்வைக்குத் தெரியாதவை. வியாஜ்யமே அங்கேதான் பிறக்கிறது.

"வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கோட்பாடு. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அதே பிரிவு விதிவிலக்கும் கொடுக்கிறது. அந்தச் சரக்கிலேயே வியாபாரம் செய்கிறவர் விற்றால், அது விற்பனைக்குத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. வாங்குகிறவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கதவில் கீறல் இருந்தது என்று பிறகு புகார் செய்ய முடியாது. தரை விரிப்புக்குக் கீழே ஒளிந்திருந்த வண்டல் வேறு விஷயம்.

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு குறையைத் தெரிந்தே மூடி மறைத்து விற்பது மோசடி. மோசடியால் பெற்ற சம்மதத்தை ரத்து செய்யலாம் என்கிறது. "பொறுப்பில்லை" என்று அச்சடித்த ரசீது இதற்குக் கவசம் ஆகாது. கிலோமீட்டர் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பி வைப்பதும், வெள்ளத்தில் மூழ்கியதைத் தெரிந்தே மறைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அடுத்த கேள்வி: விற்றவர் யார்? இதைப் பொறுத்துத்தான் எந்த வாசலைத் தட்டுவது என்பது முடிவாகும்.

பக்கத்துத் தெருக்காரர் தாம் ஓட்டிய காரைத் தாமே விற்றார் என்றால், அவர் வியாபாரி அல்ல. அவரிடம் நுகர்வோர் வழக்கு எடுபடுவது கஷ்டம். சிவில் கோர்ட்டில்தான் தாவா போட வேண்டும். மூன்று வருஷக் கெடு உண்டு. மதிப்புக்கு ஏற்ற கோர்ட்டுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

விற்றவர் பழைய கார் வியாபாரி என்றால், 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1986-ல் வந்த முதல் சட்டத்துக்குப் பதிலாக, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது இது. பழைய சரக்கானாலும், காசு கொடுத்துச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோர்தான். லாபத் தொழிலுக்காக வாங்கினால் இந்தச் சட்டம் பெரும்பாலும் உதவாது. ஆனால் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவருக்கு விலக்கு உண்டு.

இன்னொரு விஷயம். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்துப் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். "உங்கள் அங்கீகாரச் சான்று எங்கே?" என்று வாங்குமுன் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கோவளத்துக் குடும்பம் எங்கே போக வேண்டும்? கோவளம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிராது கொடுக்கலாம். வியாபாரி வேறு மாவட்டத்தில் இருந்தாலும் கவலையில்லை. வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையிலுள்ள மாநில ஆணையம். அதற்கும் மேலே டெல்லியிலுள்ள தேசிய ஆணையம். விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் ஒரு பைசாக்கூட இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. வீட்டிலிருந்தபடி இ-ஜாக்ரிதி என்ற இணைய வாசல் மூலமும் மனுப் போடலாம். கெடு இரண்டு வருஷம். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இனித்தான் முக்கியமான இடம். ஜயமும் தோல்வியும் சட்டப் புத்தகத்தில் இல்லை, சான்றில் இருக்கிறது. பழைய கார் என்றால் ஏதாவது கோளாறு இருக்கத்தான் செய்யும் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். எட்டு வயது வண்டியின் கிளட்ச் தேய்ந்ததற்காக யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். விற்கும்போதே இருந்தது, மறைக்கப்பட்டது, சாதாரணத் தேய்மானம் அல்ல என்ற மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும்.

ஆத்திரத்தில் நம்மவர்கள் செய்யும் காரியம், உடனே இஞ்சினைப் பிரித்துப் போட்டுப் புதுப் பாகங்கள் மாட்டிவிடுவது. அதோடு சான்றும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்! அப்படிச் செய்யாதீர்கள். முதலில் படம் எடுங்கள். ஒர்க்ஷாப்காரரிடம் என்ன கண்டார் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். வியாபாரிக்குத் தபாலில் நோட்டீசு அனுப்பி, வண்டியை வந்து பார்க்கும்படி கேளுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். குறையைப் பரிசோதனையில்லாமல் நிர்ணயிக்க முடியாது என்றால், தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அறிக்கை வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதைக் கேட்டு நீங்களே மனுப் போடலாம். நடுநிலையான ஒரு நிபுணர் அறிக்கை பத்துச் சாட்சிக்குச் சமானம்.

மீட்டரைத் திருப்பினார்கள் என்ற சந்தேகமா? கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் அன்றைய கிலோமீட்டரைக் குறித்து வைப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பே 90,000 ஓடிய வண்டி இன்று 48,000 காட்டினால், வேறு சாட்சி எதற்கு? அதுபோலவே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய கிளெய்ம் விவரம். வெள்ள நஷ்டத்துக்குப் பணம் வாங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பிராது ஏற்கப்பட்டு நோட்டீசு போனதும் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மேலே 15 நாள் சலுகை. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சமரசத்துக்கும் இடம் உண்டு. ஆனால் ஆணையத்தின் சமரச மன்றத்தில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, அதன்படி உத்தரவானால் பிறகு அப்பீல் கிடையாது. ஆகவே கையெழுத்துக்கு முன் இரண்டு தடவை படியுங்கள்.

மேல் முறையீட்டைப் பற்றிப் பேசுமுன் ஒரு நிஜ வழக்கைச் சொல்கிறேன். 2011-ல் கோவாவில் ஒருவர், அந்த வருஷத்து மாடல் புதுக் கார் வேண்டும் என்று பணம் கட்டினார். டீலர் கொடுத்ததோ 2009-ம் வருஷத்து வண்டி. 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடியிருந்தது. அடிப்பாகத்தில் துரு, மேலே கீறல்கள். புதுசு என்ற பெயரில் பழசு! அவர் வண்டி வேண்டாமென்று வழக்குப் போட்டார். மாவட்ட மன்றம் டீலர், தயாரிப்பாளர் இருவர்மேலும் சேர்த்துப் பொறுப்பைச் சுமத்தியது. மாநில ஆணையமும் சரி, தேசிய ஆணையமும் சரி, அதையே உறுதி செய்தன. மூன்று இடத்திலும் வெற்றி. தயாரிப்பாளரான டாட்டா மோட்டார்ஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று பிராதில் விவரமாகச் சொல்லவுமில்லை, நிரூபிக்கவுமில்லை. டீலர் வண்டியைத் தயாரிப்பாளரிடம் விலைக்கு வாங்கி விற்பவரே தவிர அவருடைய கையாள் அல்ல. ஆகவே தயாரிப்பாளர்மேல் பொறுப்பு ஏறாது என்றது கோர்ட்டு.

பத்து வருஷத்துக்குப் பிறகு, மூன்று படியில் ஜயித்தது நாலாவது படியில் பாதி கரைந்து போயிற்று. இதில் நமக்கு என்ன பாடம்? அப்பீலில் புதுக் கதை சொல்ல முடியாது. கீழே முதல் நாள் எழுதிய பிராதுதான் கடைசிவரை கூடவே வரும். யார் யார் என்ன தவறு செய்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அதில் எழுத வேண்டும். வியாபாரி, வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்த கம்பெனி, இடையில் நின்ற தரகர் என்று மூன்று பேர் இருந்தால், மூவரையும் ஒரே வரியில் திட்டிப் பிரயோசனமில்லை.

சரி, செங்கற்பட்டில் தீர்ப்பு நமக்குப் பாதகமாக வந்துவிட்டது. அப்போது?

உத்தரவில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை போன்ற வெளிப்படையான தவறு இருந்தால், 30 நாளுக்குள் அதே ஆணையத்திடம் மறு பரிசீலனை கேட்கலாம். தீர்ப்பே தப்பு என்றால் மாநில ஆணையத்துக்கு அப்பீல். கெடு, உத்தரவு தேதியிலிருந்து 45 நாள். பழைய சட்டத்தில் 30 நாளாக இருந்தது. கெடு தாண்டினால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்பு மனுப் போட வேண்டும். "வீட்டில் விசேஷம், மறந்துவிட்டது" என்பதெல்லாம் காரணம் ஆகாது. ஆஸ்பத்திரிச் சீட்டு போல ஆதாரம் வேண்டும். ஆகவே தீர்ப்பு வந்த அன்றே காலண்டரில் நாற்பத்தைந்தாம் நாளை வட்டமிடுங்கள். உத்தரவின் சான்று நகல் கட்சிக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்.

நீங்கள் ஜயித்து, வியாபாரி அப்பீல் போனால் என்ன? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கும்படி உத்தரவானவர், அந்தத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் அவருடைய அப்பீலை ஏற்பார்கள். 3,40,000 விலையும் 60,000 நஷ்ட ஈடும் சேர்த்து நாலு லட்சம் என்று தீர்ப்பானால், இரண்டு லட்சத்தை வைத்துவிட்டுத்தான் அவர் வாதாட முடியும். இழுத்தடிப்பதற்காகவே அப்பீல் போகிற பேர்வழிகளுக்கு இது நல்ல கடிவாளம். தோற்றுப்போன நுகர்வோருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்மேல் பணம் கட்டும் உத்தரவு கிடையாதே!

ஜயித்தவரும் அப்பீல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. விலையைத் திருப்பித் தரச் சொல்லி, வட்டியை மறுத்துவிட்டார்களா? அந்தப் பகுதிக்கு மட்டும் மேலே போகலாம்.

மாநில ஆணையம் அப்பீலில் சொன்ன தீர்ப்பின்மேல், முக்கியமான சட்டப் பிரச்னை இருந்தால் மட்டுமே 30 நாளுக்குள் தேசிய ஆணையம். "மெக்கானிக் சொன்னதை நம்பியிருக்க வேண்டும்" என்கிற ரகமான தகராறுகள் அங்கே எடுபடா. அதற்கும் மேலே போக நினைத்தால், இப்படி அப்பீலில் வந்த உத்தரவுகளுக்கு முதலில் ஹைகோர்ட்டைத்தான் நாட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே செங்கற்பட்டு, சென்னை என்ற இரண்டு படியோடு நம் போன்றவர்களின் வழக்கு முடிந்துவிடும் என்று எண்ணித்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். சிவில் கோர்ட்டு வழியில் போனவர்களுக்கு, மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள். ஹைகோர்ட்டென்றால் 90 நாள்.

அப்பீல் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு சுலபமான வழி. தீர்ப்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உங்கள் தஸ்தாவேஜுகளையும் வையுங்கள். நீங்கள் கொடுத்த நிபுணர் அறிக்கையைத் தீர்ப்பில் கண்டுகொள்ளவே இல்லையா? அப்பீல் செய்ய இடம் இருக்கிறது. "அறிக்கையே தாக்கல் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறதா? அது உண்மையானால், மேலே போவது பணத்துக்கும் மனசுக்கும் நஷ்டம்.

தீர்ப்பு உறுதியான பிறகும் வியாபாரி பணம் தராமல் டிமிக்கி கொடுத்தால், கோர்ட்டு டிக்கிரியைப் போலவே அதை நிறைவேற்றலாம். உத்தரவை மீறுகிறவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நம் ஊரில் புது வண்டி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறுகிறது. அமெரிக்காவிலோ மோசமான வண்டிக்கே 'எலுமிச்சம்பழம்' என்று பெயர்! ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் அதைப்பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது, இதனால் நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தைக்கே வரமாட்டான், மட்டமான சரக்கே மிஞ்சும் என்றார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாட்டில் 1985 முதல், வியாபாரி விற்கும் பழைய காரின் கண்ணாடியில் உத்தரவாதம் உண்டா இல்லையா என்று அச்சிட்ட தாள் ஒட்ட வேண்டும். பிரிட்டனில் 2015-ம் வருஷத்துச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய குறையுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பிவிடலாம். பழைய காருக்கென்று இப்படி நாள் குறித்த தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால்தான் வாங்குமுன் பார்க்க வேண்டியது அதிகம்.

என்ன பார்க்க வேண்டும்? பகல் வெளிச்சத்தில் போங்கள். விரிப்பைத் தூக்குங்கள். ஸ்டெப்னிக் குழியில் கையை விட்டுத் துழாவுங்கள். சீட்டு நகரும் கம்பியில் துரு இருக்கிறதா? இடுப்புப் பட்டையைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கியதானால் கறை காட்டிக் கொடுக்கும். முன் விளக்குக்குள் நீர்க்கோடு உண்டா? ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது சொந்தக்காரர், பாங்குக் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். டி.என்.11 என்றால் தாம்பரம், டி.என்.14 சோழிங்கநல்லூர், டி.என்.19 செங்கற்பட்டு, டி.என்.22 மீனம்பாக்கம், வண்டி எந்தப் பேட்டையில் பதிவானது என்று தெரிந்தால், அங்கே வெள்ளம் வந்த வருஷத்தையும் விசாரிக்கலாம். வியாபாரி வாயால் சொல்வதை, "இந்த வண்டி விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கவில்லை" என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் இந்த ஒரு வரிதான் உங்கள் பிராதின் முதுகெலும்பு.

வாங்கியதும் இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுச் செய்யுங்கள். இல்லையேல் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சந்தேகம். பழைய காரை விற்கிற வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: காசு வாங்கியதோடு கடமை முடியவில்லை. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை, கைமாறிப் போன வண்டி யாரையாவது இடித்தாலும் நஷ்ட ஈடு உங்கள் தலையில்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. விற்ற 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆண்பிள்ளைகள் பழைய கார் பார்க்கப் புறப்பட்டால், "நானும் வருகிறேன்" என்று நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். புடவையை வெயிலில் விரித்துப் பார்க்கிற கண்ணுக்கு, விரிப்பின் அடியிலிருக்கும் வண்டல் தப்பாது.